அம்மன் படம் ஒட்டிய போத்தல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்தே ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானோ கடைவீதியை எழுதினேன், தேர்த் திருவிழாவை எழுதினேன், இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அம்மனின் படம் சம்பந்தப்பட்ட விஷயம் இது. ஒரு வார்த்தை பிசகினாலும் அவளுக்கு அபசாரம் ஆகிவிடுமோ என்று பயம். இன்னொன்று, இதில் வருகிற வைத்தியர் இன்று உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகள் நல்லவர்கள், கோயிலில் என்னைக் கண்டால் கும்பிடுகிறவர்கள். ஆகவே அவர் பெயரை எழுதப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அவளிடமே கேட்டேன். திரி ஆடாமல் நின்று எரிந்தது. எழுதுகிறேன்.

கோணி ஊசி

கண்ணை மூடினால் முதலில் அந்த லோரிதான் தெரிகிறது. காஜா பெராங்கில் கோயிலுக்கு எதிரே இருந்த திடல். லோரியின் பக்கப் பலகையை இறக்கி மேடை ஆக்கியிருந்தார்கள். மேலே ஒரு கேஸ் விளக்கு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. சாமி ஊர்வலம் முடிந்த நேரம். கற்பூரப் புகையும் மல்லிகையும் வறுத்த கச்சான் கடலையும் கலந்து ஒரு வாசம்.

நான் மேடை மேல் நிற்கிறேன். கழுத்தில் மாலை. ஒரு கையில் கோணி தைக்கிற ஊசி, இன்னொரு கையில் நூல். எதிரே கூட்டம் இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிகிறது. கண்ணுக்கு எல்லாம் மாவு கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது.

பக்கத்தில் வைத்தியர் ஒலிபெருக்கியில் பேசுகிறார். "குருடாப் போன டைலர் ஐயா, இப்போ உங்க கண்ணு முன்னால ஊசியில நூல் கோத்துக் காட்டப் போறாரு."

என் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஏன் அங்கே நின்றேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நீலமும் பச்சையும்

தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஒரு துணிக்கடையின் முன்னால், கூரையிட்ட ஐந்தடி நடையில் மிஷின் போட்டிருந்த தையல்காரன். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தோடு சரி. மிஷின் ஓடுகிற சத்தமும் அம்மன் பேரும்தான் எனக்குத் தெரிந்த இரண்டு பாட்டு.

நாடு சுதந்திரம் வாங்கப் போகிறது என்று எல்லோரும் பேச ஆரம்பித்த காலம். கோப்பிக் கடையில் மெர்டேக்கா, முடிதிருத்தகத்தில் மெர்டேக்கா. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. இடது கண் முதலில் மங்கியது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். கஞ்சித் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல இருக்கும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோப்பதற்கு மட்டும் அளவு கொடுக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கோக்க வைத்துவிடுவேன். ஒருநாள் ஒரு போலீஸ்காரரின் நீலக் கால்சட்டைக்குப் பச்சை நூலில் ஓரம் அடித்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்து, "அண்ணே, என்னைத் தீபாவளிக்குக் கலர் பொம்மையா விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துணிக்கடை முதலாளி சிரிக்கவில்லை. மென்மையான மனிதர். சீக்கிரம் கொடி தைக்கிற வேலை வரும், புது நாட்டுக் கொடி, அதில் கோடு ஒன்று கோணினாலும் ஊர் சிரிக்கும், நல்ல கண் உள்ள ஆள் வேண்டும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. துணிச்சுருளைப் பார்த்துத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

அந்தக் கொடியை நான் தைக்க வேண்டும் என்று அன்றைக்கு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அதற்கு முன் எனக்காக எதையும் அவளிடம் கேட்டதில்லை.

சர்வசக்தித் திராவகம்

வைத்தியர் மாதத்துக்கு ஒருமுறை லோரியோடு வருவார். நெற்றி நிறைய திருநீறு, மேலே ஒரு பட்டுத் துண்டு. குரல் வெண்கலம். விற்பது சர்வசக்தித் திராவகம் என்ற போத்தல் மருந்து. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார், அந்தக் கிழட்டு வெள்ளைக்கார ராணியின் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது ஒரு சித்தர் கொடுத்த முறையாம். ராணியின் முட்டுவலியே அதில்தான் தீர்ந்ததாம்.

என்னென்ன தீரும் என்று ஒரே மூச்சில் சொல்லுவார். தலைவலி, பல்வலி, வாதம், பித்தம், மலேரியாக் காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளையில்லாக் குறை, கண் மங்கல், பேய்க் கோளாறு, கோர்ட்டு வழக்கு. கடைசியில் சொன்னது எப்படித் தீரும் என்று யாரும் கேட்டதில்லை.

போத்தலின் மேல் அம்மனின் படம். சிவப்புச் சேலை, கையில் சூலம், பின்னால் வேப்பிலை. அழகான படம். அந்தப் படத்தில்தான் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டோம்.

குடித்து முடித்த போத்தலை எங்கே போடுவது? சாக்கடையில் போட முடியுமா? அம்மன் இருக்கிறாளே. எங்கள் வீட்டுச் சாமி மேடையில் போத்தல்கள் வரிசையாக ஏறின. என் மனைவி அஞ்சலை வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். கற்பூரம் காட்டுவாள். எங்கள் கம்பத்தில், அந்தச் சின்னக் குடியிருப்பில், எல்லா வீட்டிலும் இதுதான். மருந்து மெல்ல மெல்லப் பிரசாதம் ஆகிவிட்டது. பிரசாதத்தைக் கசக்கிறது என்று யார் சொல்லுவார்? வேலை செய்யவில்லை என்றால் குறை குடித்தவனிடம்தானே இருக்க வேண்டும்?

பத்தியமும் உண்டு. புளி ஆகாது, கருவாடு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், ஆஸ்பத்திரி ஊசி உடம்பில் படக் கூடாது. பட்டால் மருந்தின் சக்தி இறங்கிவிடுமாம், அம்மன் கோபித்துக்கொள்ளுவாளாம்.

நான் பக்தியோடு குடித்தேன். இனிப்பும் இஞ்சியும் சாராய வாசமுமாக இருக்கும், தொண்டையில் சூடாக இறங்கும். குடித்த கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத் தெரிவது போலவும் இருக்கும். அப்படிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கண்ணிலும் கஞ்சித் தண்ணீர் ஏறியது.

லெட்சுமி கக்காவின் பூட்டன்

எங்கள் அடுத்த வீட்டில் லெட்சுமி கக்கா இருந்தார். கக்கா என்றால் மலாயில் அக்கா. சிட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழர்கள். பேர் தமிழ், கும்பிடுவது அம்மனை, உடுப்பது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தமிழில் அவருக்கு வருவது சாமி பேரும் பலகாரங்களின் பேரும்தான். ஆனால் நோன்பு பிடிப்பதில் எங்களையெல்லாம் தோற்கடிப்பார்.

அவர் வீட்டில் பன்னீர் ஊற்றி வைக்க ஒரு நீலப் போத்தல் உண்டு. கண்ணாடியிலேயே இங்கிலீஷ் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கும். அது அவருடைய பூட்டன் காலத்துப் பொருள். ஒருநாள் எங்கள் மேடையில் இருந்த போத்தல் வரிசையைப் பார்த்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

அந்தப் பழைய ராணியின் காலத்தில் ஆற்றுமுகத்தில் கப்பல் வந்து நிற்குமாம். பூட்டன் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் மாத்திரையையும் போத்தல் மருந்தையும் வாங்கி விற்றாராம். மாத்திரை ஒன்றுதான், நோய் எல்லாம். மனுஷனுக்கும் அதுதான், குதிரைக்கும் அதுதான். ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஒருவன் துள்ளுகிற படத்தைக் கிட்டங்கிச் சுவரெல்லாம் ஒட்டினாராம். நன்றாக விற்றது. கல் வீடு கட்டினார்.

பிறகு ஒருநாள் பூட்டனுக்கே வயிற்றுவலி வந்தது. பூட்டி பதறிப்போய் அந்த மருந்துப் போத்தலைத் திறந்து கொண்டுவந்தாளாம். பூட்டன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "இத்து உந்தோக் ஜுவால்" என்றாராம். அது விற்பதற்கு.

கக்கா சொல்லிவிட்டு வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. சாமி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் தண்ணீர்

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு வரும்போது அஞ்சலை ஒரு பெரிய பேசினில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டுக் கும்பிட்டு, தண்ணீரில் அமிழ்த்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"சும்மா இருங்க. அம்மாவுக்கு அபிஷேகம்" என்றாள்.

காகிதம் ஊறியதும் நகத்தால் மெல்ல உரித்தாள். படம் கிழியாமல் வந்தது. அதை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து, கூழ் தடவிச் சாமி மேடைச் சுவரில் ஒட்டினாள். எல்லாப் படங்களையும் அப்படியே ஒட்டி முடித்து, பொட்டு வைத்து, தீபம் காட்டினாள். பிறகு வெறும் போத்தல் ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா சுவத்துல இருக்கா. இப்போ இது வெறும் போத்தல். இதுக்கு நீங்க பயப்பட வேணாம்."

போத்தலைத் தடவிப் பார்த்தேன். படம் இருந்த இடத்தில், கண்ணாடியில் ஏதோ எழுத்து புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அதற்குள் வேலிப் பக்கம் வந்த கக்கா எட்டிப் பார்த்தார். போத்தலை வாங்கித் திருப்பினார். அவர் சிரிப்பு அடங்க நேரம் ஆனது. சீனன் கடையில் விற்கும் கிச்சாப் போத்தலாம் அது, கறிக்கு ஊற்றுகிற கறுப்புச் சோயாச் சாறு. அந்தச் சேவல் முத்திரையும் சீன எழுத்தும் அவர் அடுப்பங்கரையிலேயே இருக்கிறதாம். நூறு வருஷத்து மருந்து, போன வருஷத்துக் கிச்சாப் போத்தலில் இருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அஞ்சலை மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. என் சட்டையை இஸ்திரி போட்டாள். திங்கட்கிழமை கண் டாக்டர் வருகிற நாள் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

மணல் மூட்டை

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அவர் சொன்னதை ஒரு தமிழ் மிசி, நர்ஸ்தான், எனக்குச் சொன்னாள். கண்ணுக்குள் புரை விழுந்திருக்கிறது, அது எந்த மருந்துக்கும் கரையாது, கத்தியால்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் தெரியும். தெரியுமா என்று திரும்பக் கேட்டேன். "கொடி தைக்கலாம் அண்ணே" என்றாள். கொடி விஷயத்தை அஞ்சலை முன்னாலேயே அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

முதலில் ஒரு கண், பிறகு சில வாரம் விட்டு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது.

சிரிக்கக் கூடாது என்ற இடத்துக்குத்தான் கக்கா தினம் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் "கிச்சாப்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார். மிசி அவரை வெளியே அனுப்புவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லுவேன்.

கட்டை அவிழ்த்த காலையை எப்படிச் சொல்வது? முதலில் வெறும் வெளிச்சம்தான். தடித்த கண்ணாடியை மூக்கில் மாட்டினார்கள். அஞ்சலையின் சேலை தெரிந்தது. அது ஊதா. பல மாதமாகச் சாம்பல் நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சேலை. அவள் மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தது. நான் கை கூப்பினேன். யாரைப் பார்த்துக் கூப்பினேன் என்று இன்றும் தெரியாது. அவளா, டாக்டரா, ஆஸ்பத்திரிச் சுவரில் இல்லாத அம்மனா. மூவருக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, கிட்டப் பார்வைக்கு ஒன்று. இரண்டும் சோடாப் போத்தலின் அடி மாதிரி. கண்ணாடி இல்லாவிட்டால் நான் பழையபடி கஞ்சித் தண்ணீருக்குள்தான்.

மாலையும் பழத்தட்டும்

டைலருக்குக் கண் வந்துவிட்டது என்ற செய்தி ஊரில் பரவியது. வைத்தியர் மாலையும் பழத்தட்டுமாக வீடு தேடி வந்தார். தன் மருந்து கடைசியில் வேலை செய்துவிட்டது என்று என்னைக் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. கத்தி எடுத்தது மேல் தோலைத்தான், வேரை அறுத்தது திராவகம் என்றார். திருவிழா அன்று மேடையில் ஏறி நாலு வார்த்தை சொன்னால் நாலு பேருக்குப் புண்ணியம் என்றார். அவர் சொல்லும்போது எனக்கே அது உண்மைதானோ என்று தோன்றியது. அப்படிப் பேச்சு.

எழுந்து போகும்போது, வாசலில் நின்று, "கண்ணாடி மட்டும் போட வேணாம் ஐயா. சனங்க கண்ணாடியைத்தான் பாப்பாங்க" என்றார்.

வர முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அஞ்சலைதான் பேசினாள். "வருவாருங்க" என்றாள்.

அவர் போன பிறகு நான் அவளைப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையில் கிட்டப் பார்வைக் கண்ணாடியை வைத்து, பையைத் தட்டிக் கொடுத்தாள். கடையில் உட்காரும்போது நான் காலரில் குத்தி வைக்கும் மெல்லிய ஊசியையும் அவளே குத்திவிட்டாள்.

நூல் கோத்தேன்

இப்போது மறுபடியும் லோரி மேல் வந்துவிட்டேன்.

கோணி ஊசியின் காது பெரியது. கூட்டத்தில் யாரோ, "அதுல எருமையே நுழையும்யா" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. வைத்தியரும் சேர்ந்து சிரித்தார். கண்ணே இல்லாமல் தடவிக்கூடக் கோத்துவிடலாம். அவருக்கு அது தெரியும். அதனால்தான் அந்த ஊசி.

எதிரே கோயில் விளக்கு மட்டும் ஒரு மஞ்சள் புள்ளியாக என் கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்தேன். கோணி ஊசியை அவர் கையிலேயே கொடுத்தேன். காலரிலிருந்து என் ஊசியை எடுத்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். அவர் என் கையைப் பிடித்தார். நான் விலக்கவில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டேன்.

நூல் நுனியை வாயில் ஈரப்படுத்தி, ஊசியின் காதில் விட்டேன். ஒரே முறை. போய்விட்டது.

கூட்டம் கை தட்டியது. வைத்தியர் ஒலிபெருக்கியை என் வாயருகே பிடித்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் வார்த்தை தடுக்கவில்லை.

"பார்வை குடுத்தது அம்மன். கத்தி புடிச்சது ஆஸ்பத்திரி டாக்டர். இவர் மருந்தை நான் குடிச்சது உண்மை. குடிச்சிக்கிட்டே இருக்கும்போதுதான் ரெண்டாவது கண்ணும் போச்சு. கண்ணு மங்கினவங்க யாராவது இங்க இருந்தா திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

கேஸ் விளக்கின் சத்தம் மட்டும் கேட்டது. வைத்தியர் ஒலிபெருக்கியை இழுத்து, இவர் பத்தியம் தப்பியவர், பத்தியம் தப்பினால் மருந்தைக் குறை சொல்லக் கூடாது என்றார்.

அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே திடல் முழுக்கக் கேட்டது. "பத்தியம் தப்பினதாலதாங்க பார்வை வந்துச்சு."

முதலில் சிரித்தது கக்காதான் என்று நினைக்கிறேன். தமிழ் புரிந்ததோ இல்லையோ, அஞ்சலையின் குரல் அவருக்குப் புரிந்தது. "கிச்சாப்" என்று உரக்கச் சொன்னார். பிறகு திடலே சிரித்தது. வைத்தியரை யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. அவர் பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தூக்கி மாட்டத் தயாரானார். இறங்கும்போது எனக்குப் படி தெரியவில்லை. கிட்டப் பார்வைக் கண்ணாடி அல்லவா? அவரே என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வாசல் குழாயடியில் பெண்கள் கூட்டம். இடுப்பிலும் கூடையிலும் போத்தல்கள். அஞ்சலை மஞ்சள் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். உரித்த படங்களைக் காயப்போடக் கொடிக்கயிறு போதவில்லை. காற்றில் அத்தனை அம்மனும் ஆடினார்கள். வெறும் போத்தல்கள் மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் போயின. கோர்ட்டு வழக்குக்காகக் குடித்த ஒருவர் மட்டும், தீர்ப்பு வரட்டும் என்று தன் போத்தலைத் தர மறுத்தார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என்னோடு உட்கார இடம் இல்லாத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். மிசி என்னைப் பார்த்து, "என்னண்ணே, லோரி வச்சு ஏத்திட்டு வந்தீங்களா?" என்றாள்.

கொடித் துணியும் வந்தது. முதலாளி சுருளை என் மிஷின் மேல் வைத்தார். இந்த முறை என்னைப் பார்த்து வைத்தார். சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன. மேடையில் கோத்த அதே ஊசியால்தான் முதல் கொடியின் மூலையை மடித்துத் தைத்தேன். சுதந்திர நாளன்று அது முதலாளியின் கடை வாசலில் ஏறியது. தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். ஒரு கோடும் கோணவில்லை. அஞ்சலை பக்கத்தில் நின்று, "நீலத்துக்கு நீல நூல்தானே போட்டீங்க?" என்று கேட்டாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதை எனக்கு முன்னாலேயே ஊர் சுற்றிவிட்டது. புக்கிட் ரம்பாயில் அம்மன் கனவில் வந்து சூலத்தால் என் கண்ணைத் திறந்தாள் என்கிறார்கள். குருபோங்கில் நான் வைத்தியரைச் செருப்பால் அடித்தேன் என்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. மஞ்சள் கரைத்த ஒரு பேசின், ஒரு டாக்டரின் கத்தி, ஒரு தடித்த கண்ணாடி, இவ்வளவுக்குள்தான் அவள் வந்தாள். எனக்கு அது போதும்.

கண் மங்குகிறவர்கள் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். அம்மனுக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். கூட்டிச் சொன்னால், அவள் படத்தை நாமும் ஒரு போத்தலில் ஒட்டியதாகிவிடும்.